‘நீ சும்மா இரும்மா’: வயசானவங்க மூளைக்கு நாம குடுக்கிற லீவு

எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, இலங்கை மலையகத்துல தேயிலை கொழுந்து எடுக்க மலைக்கு போறத நிப்பாட்டி, சர்வீஸ் காசு, ஈபிஎஃப் சேமிப்பு எல்லாம் எடுத்து முடிச்ச அன்னைக்கு எங்க அம்மா சொன்னது இதுதான்: "இத்தன வருசம் ஒழச்சது போதும், இனிமே நீ சும்மா இரும்மா." பாசத்துல சொன்னது, யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. மொதல்ல அடுப்படி போச்சு, கை சுட்டுக்கும்னு. அப்புறம் டவுனுக்கு போறது போச்சு, பஸ்ஸுல நிக்க முடியாதுன்னு. கடை கணக்கு, சீட்டு காசு, மரக்கறி பாத்தி, சின்னதுங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டு போறது, ஒவ்வொண்ணா நாங்களே வாங்கிக்கிட்டோம், கடைசியில அவங்களுக்கு மிஞ்சினது வாசப்படியும் டீவி நாடகமும்தான். மூணாவது வருசம் கேட்டதையே திருப்பி திருப்பி கேக்க ஆரம்பிச்சாங்க. வயசு போனா அப்படித்தானேன்னு அதையும் விட்டுட்டோம்.

இந்த "வயசு போனா அப்படித்தான்" இருக்கே, அது பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. வயசாக ஆக மூளையோட வேகம் குறையிறது நெசம். பேரு சட்டுனு வாய்க்கு வராது, ஒரே நேரத்துல ரெண்டு வேலை செஞ்சா ஒண்ணு தப்பும், புதுசா ஒண்ண படிக்க முன்ன ஒருக்கா கேட்டா போதும், இப்ப நாலு தரம் கேக்கணும். ஆனா வார்த்தை அறிவு, அனுபவத்துல வந்த வெவரம், ஒரு ஆள பாத்த ஒடனே எடை போடுறது, இதெல்லாம் எழுபது வயசு வரைக்கும் கூட அப்படியே நிக்கும், சிலருக்கு கூடவும் செய்யும். கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடுறது வயசு. கண்ணாடி எதுக்குன்னே வெளங்காம கையில வச்சு பாத்துக்கிட்டு இருந்தா அது வேற, அது நோய். நடுவுல ஒரு பெரிய இடம் இருக்கு, அந்த இடத்துலதான் நம்ம வீட்டு ஆளுங்க நெறைய பேர் நிக்கிறாங்க, அங்க நாம செய்யிறதுக்கும் செய்யாம விடுறதுக்கும் நெறைய பங்கு இருக்கு.

கொழுந்து எடுக்கிறது ஒடம்பு வேலை, மூளைக்கு அதுல என்ன இருக்குன்னு தோட்டத்துக்கு வெளிய இருக்கவங்க நெனைக்கிறாங்க. ஒரு நாள் தேயிலைச் செடி நெரையில நின்னு பாத்தாதான் தெரியும். விடியக்காலைல பெரட்டுல, அதாவது வேலை பிரிச்சு குடுக்கிற எடத்துல, இன்னைக்கு எந்த மலைன்னு சொன்ன ஒடனே அந்த மலையில எந்த நெர செழிப்பு, எங்க வழுக்கும், எந்த வாய்க்கால் பக்கம் அட்டை, எங்க குளவிக்கூடுன்னு மனசுக்குள்ள படம் ஓடும். செடி மட்டம் பாக்கிற மட்டக்கம்ப வச்சு பாத்து, முத்துன எலைய விட்டுட்டு தளிர மட்டும் கிள்ளணும், கண்ணும் ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யும், வாய் பக்கத்து நெர பொம்பளையோட ஊர்க்கதை பேசும். இதுக்கு நடுவுல கூடையில எத்தன கிலோ ஏறிருக்கும், தண்ணிக்கும் கூடைக்கும்னு எவ்வளவு கழிப்பாங்க, இன்னைக்கு முழுப்பேரு (முழு நாள் சம்பளம்) விழுமா அரைப்பேரா, எல்லாம் மனக்கணக்கு. தராசுல ஒரு கிலோ குறைச்சு சொன்னா எங்க அம்மாயி அந்த எடத்துலயே சண்டைக்கு நிப்பாங்க, பெரும்பாலும் அவங்க கணக்குதான் சரியா இருக்கும். நாப்பது வருசம் இப்படி ஓடுன மூளைய ஒரே நாள்ல வாசப்படியில ஒக்கார வச்சா என்ன ஆகும்?

இத வெளங்கப்படுத்த ஆராய்ச்சிக்காரங்க ஒரு கருத்து வச்சிருக்காங்க, மூளையோட சேமிப்புன்னு சொல்லலாம். நம்ம பக்கத்து பாஷையில சொல்லணும்னா இப்படி. மழைக்காலத்துல மண் சரிஞ்சு கார் ரோட்டு மூடிருச்சுன்னா, அந்த ஒரு ரோட்ட மட்டும் தெரிஞ்சவன் பஸ்ஸுக்குள்ளேயே ஒக்காந்திருப்பான். தேயிலைக்குள்ள போற குறுக்கு, கோவில் பக்கத்து படி, ஆத்தோரம் போற ஒத்தையடிப்பாதை எல்லாம் தெரிஞ்சவன் சுத்தியாவது டவுனுக்கு போய் சேந்துருவான். வாழ்க்கை முழுக்க படிச்சது, பழகுனது, பேசுனது, யோசிச்சது எல்லாம் மூளைக்குள்ள வெட்டுற குறுக்குப் பாதைங்க. மண்சரிவ அது நிப்பாட்டாது. சரிவு வந்தாலும் ஆளு நடமாட முடியுது, அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவுதான் நெறைய வருசமா இருக்கலாம்.

சும்மா உவமைக்கு சொல்லல. 1988ல அமெரிக்காவுல செத்துப்போன முதியவங்க 137 பேரோட மூளைய வெட்டிப் பாத்த ஒரு ஆய்வு வந்திச்சு, அதுல பத்து பேருக்கு அல்சைமர்ங்கிற மறதி நோயோட அடையாளம் மூளை நெறைய இருந்திச்சு, ஆனா உயிரோட இருந்தப்ப அவங்க நல்லா தெளிவா இருந்தவங்க. அதே காலத்துல, 1986ல, டேவிட் ஸ்னோடன்னு ஒருத்தர் கன்னியாஸ்திரிங்கள வச்சு ஒரு ஆய்வ தொடங்கினாரு, மொத்தம் 678 பேர். ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, சிகரட் இல்ல, சாராயம் பெருசா இல்ல, அதனால ஒப்பிட்டு பாக்க ரொம்ப வசதி. மடத்துல சேரும்போது இளவயசுல அவங்க எழுதுன வாழ்க்கைக் குறிப்புகள எடுத்துப் பாத்தா, வசனத்துக்குள்ள விசயம் செறிவா எழுதினவங்களுக்கு வயசான காலத்துல அல்சைமர் கொறைவா இருந்திச்சு. அப்ப இருவது வயசுலயே போட்ட சேமிப்பு எம்பது வயசுல கை குடுக்குது.

இங்க வந்து நிக்கும்போது எனக்கு கோவம் வரும். ஏன்னா லான்செட் மருத்துவ இதழோட ஆணைக்குழு 2024ல வெளியிட்ட அறிக்கையில மறதி நோய்க்கு நாம மாத்தக்கூடிய காரணங்கள்னு 14 சொல்லியிருக்காங்க, இந்த 14ஐயும் சரி பண்ணா வர்ற நோயில 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம், அந்த பட்டியல்ல சின்ன வயசுக்கான காரணம்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: படிப்பு கொறைவு. எங்க அம்மாயி ரெண்டாம் வகுப்பு. அவங்க காலத்துல தோட்டத்து ஸ்கூல்னா ஒரு ஹோல், ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போட கதை முடிஞ்சிரும், அதையும் முடிக்கிறதுக்குள்ள தம்பி தங்கச்சிய பாக்க, இல்லாட்டி மலைக்கு போக பேரு பதிஞ்சிருவாங்க. அரசாங்கம் தோட்டத்து ஸ்கூல்கள பொறுப்பெடுத்ததே 1970கள்லதான். அப்ப இன்னைக்கு எழுபது எழுபத்தஞ்சு வயசுல இருக்க நம்ம ஆளுங்க, அவங்க செய்யாத குத்தத்துக்கு, பிந்தித்தான் ஓட்டத்த ஆரம்பிக்கிறாங்க.

ஆனா படிப்புன்னா பள்ளிக்கூடம் மட்டும்தானான்னு கேட்டா ஹைதராபாத்ல இருந்து ஒரு சுவாரசியமான பதில் இருக்கு. சுவர்ணா அல்லாடின்னு ஒரு நரம்பியல் டாக்டரும் அவங்க கூட்டாளிங்களும் 2013ல வெளியிட்ட ஆய்வு, மறதி நோய் வந்த 648 பேர பாத்தாங்க. ரெண்டு பாஷை பேசுறவங்களுக்கு, ஒரு பாஷை மட்டும் பேசுறவங்கள விட, நாலரை வருசம் பிந்தித்தான் நோய் வந்திருந்திச்சு. எழுத படிக்க தெரியாதவங்க கிட்டயும் இந்த வித்தியாசம் இருந்திச்சு, அதுதான் முக்கியம். எல்லா நாட்டு ஆய்வுலயும் இப்படி தெளிவா வரல, பாஷை மட்டும்தான் காரணம்னு அடிச்சு சொல்லவும் ஏலாது. இருந்தாலும் நம்ம லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கிழவிங்கள நெனச்சு பாருங்க, வீட்டுல தமிழ், டவுன்ல முதலாளிகிட்ட சிங்களம், பஸ் கொண்டக்டரோட சண்டைன்னா அது சிங்களத்துல இன்னும் நல்லா வரும். ஒரு பாஷைய அமத்தி வச்சுக்கிட்டு இன்னொண்ண எடுக்கிறது மூளைக்கு நல்ல வேலை. அம்மாயிய டவுனுக்கு போக விடாம வச்சதுல அவங்க சிங்களத்தையும் நாங்க பூட்டி வச்சிட்டோம்னு பிந்தித்தான் வெளங்கிச்சு.

சரி, அப்ப என்ன செய்யலாம்னு போன்ல தேடினா மொதல்ல வர்றது மூளைக்கு பயிற்சி குடுக்கிற ஆப், சுடோகு, குறுக்கெழுத்து. கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், பிடிச்சவங்க போடட்டும். ஆனா எதிர்பார்ப்பு அளவா இருக்கணும். அமெரிக்காவுல ஆக்டிவ்னு ஒரு பெரிய ஆய்வு, 65 வயசுக்கு மேல 2,832 பேர், 2002ல மொத முடிவு வந்திச்சு: ஞாபகத்துக்கு பழகுனவங்க ஞாபகத்துல முன்னேறினாங்க, வேகத்துக்கு பழகுனவங்க வேகத்துல. ஒண்ணுல பழகினது மத்ததுக்கு தாவல. சுடோகு போட்டா சுடோகு நல்லா வரும், அதுக்காக கேஸ் அடுப்ப நிப்பாட்ட ஞாபகம் வரும்னு இல்ல. எனக்கு இதவிட பிடிச்சது டெக்சாஸ்ல டெனிஸ் பார்க் குழு செஞ்சது. அறுபது வயசு தாண்டினவங்கள பிரிச்சு சில பேருக்கு டிஜிட்டல் கமராவுல படம் எடுக்க, சில பேருக்கு துண்டுத்துணி வச்சு போர்வை தைக்க மூணு மாசம் கிழமைக்கு பதினஞ்சு மணித்தியாலம் கிட்ட சொல்லிக்குடுத்தாங்க. இன்னொரு கூட்டம் சும்மா ஒண்ணா ஒக்காந்து பேச்சு, சமையல், சுத்துலான்னு ஜாலியா இருந்தாங்க. மூணு மாசம் கழிச்சு ஞாபகம் கூடினது கஸ்டப்பட்டு புதுசு படிச்சவங்களுக்குத்தான், அதுலயும் கமராக்காரங்களுக்கு கூட. ஆக, தெரிஞ்சத திருப்பி செய்யிறது சுகம், ஆனா தெரியாததோட மல்லுக்கட்டுறதுலதான் மூளைக்கு வேலை. வயசானவங்க புது போன தூக்கி வச்சிட்டு "எனக்கு இது விளங்காது"ன்னு சொல்லும்போது நாம அத வாங்கி நாமளே நம்பர் அடிச்சு குடுக்கிறோம்ல, அந்த எடத்துலதான் பயிற்சியையும் சேத்து வாங்கிக்கிறோம்.

இப்ப காது. இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா எங்க வீட்டுல நாங்க ஒரு வருசம் மறதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தது பாதி காதுதான். "அம்மாயி, மருந்து குடிச்சியா?"ன்னு கேட்டா "மழையா? இல்லயே வெயில்தான அடிக்குது"ன்னு சொல்லுவாங்க. நாங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்குவோம், ஐயோ போச்சுன்னு. சொன்னது காதுல சரியா விழாட்டி அது ஞாபகத்துக்குள்ளேயே போகாது, போகாதத எப்படி ஞாபகம் வச்சிருக்கிறது? கிளினிக்ல நம்பர் எடுத்து காத்திருந்து ஒரு ரெண்டு நிமிசம் காட்டினா, கொப்பியில பிரஷர் மருந்த எழுதி குடுத்துட்டு அனுப்பிருவாங்க, காத பாருங்கன்னு நாங்களும் கேக்கல, அவங்களும் பாக்கல. கடைசியில வேறொரு எடத்துல காட்டினப்ப ரெண்டு காதுலயும் குறும்பி கல்லு மாதிரி அடைச்சிருந்திச்சு. அத எடுத்த அன்னைக்கு பின்னேரம் வீட்டுக்கு வந்து மொத வசனம், "ஏன் எல்லாரும் இப்படி கத்துறீங்க?"

குறும்பி எடுத்தா முடியிற பிரச்சின எல்லாருக்கும் இருக்காது, உள்காது தேஞ்சிருந்தா ஹியரிங் எய்ட் வேணும். அந்த லான்செட் அறிக்கையில காது கேக்காததும் கெட்ட கொழுப்பு கூடினதும்தான் இருக்கிறதுலயே பெரிய காரணங்கள், ஒவ்வொண்ணும் 7 சதவீதம். கண்ணு தெரியாம வைத்தியம் செய்யாம விடுறதும் 2024ல புதுசா சேத்தாங்க. ஹியரிங் எய்ட் போட்டா மறதி நிக்குமான்னு 2023ல அமெரிக்காவுல 977 பேர வச்சு பாத்த ஆய்வுல மொத்தமா எல்லாருக்கும் வித்தியாசம் வரல, ஆனா ஏற்கனவே ஆபத்து கூடின ஆளுங்களுக்கு மூணு வருசத்துல தேயிற வேகம் பாதிக்கு கிட்ட கொறஞ்சிச்சு. நம்ம பக்கம் சீனி வியாதி, பிரஷர் ரெண்டும் சேந்து இருக்க ஆளுங்க நெறைய, அதனால இத அலட்சியமா விட முடியாது. காது கேக்காதவங்க கூட்டத்துல இருந்து மெதுவா ஒதுங்கிருவாங்க, சிரிக்கிற எடத்துல சிரிக்க முடியாம ஒக்காந்திருக்கது வெக்கமா இருக்கும்ல. காது தனிமைய கூட்டிட்டு வரும், தனிமை மத்தத கூட்டிட்டு வரும்.

சீனி, பிரஷர், கொழுப்பு, சிகரட்டு, அளவுக்கு மீறுன சாராயம், புகை, தலையில பலமா அடிபடுறது, இதெல்லாம் அந்த பட்டியல்ல இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், மூளைக்கு போற ரத்தக் குழாய கெடுத்தா மூளையும் கெடும். நடை பத்தி மட்டும் ஒண்ணு சொல்றேன். 2011ல வந்த ஒரு ஆய்வுல 120 முதியவங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய கிழமைக்கு மூணு நாள் 40 நிமிசம் நடக்க வச்சாங்க, ஒரு வருசத்துல ஞாபகத்துக்கு பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி 2 சதவீதம் பெருத்திருந்திச்சு, நடக்காம ஒடம்ப நீட்டி மடக்கிற பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு சுருங்கியிருந்திச்சு. நம்ம ஆளுங்க வாழ்க்கை பூரா ஏறி எறங்குனவங்க, இப்ப மூட்டு தேஞ்சு கெடக்கு, போய் மலையேறுங்கன்னு சொல்றது அநியாயம். கோவில் வரைக்கும், இல்லாட்டி மேல் லயத்துல இருந்து கீழ் லயம் வரைக்கும் கம்ப ஊனிக்கிட்டு போய் நாலு பேரோட பேசிட்டு வந்தா நடையும் ஆச்சு கதையும் ஆச்சு.

லயத்த பத்தி பேசும்போது எனக்கு ரெண்டு மனசு. பத்தடிக்கு பன்னண்டடி காம்பராவுல ஒரு குடும்பமே அடைஞ்சு கெடந்த அந்த வாழ்க்கைய யாரும் நல்லதுன்னு சொல்லக்கூடாது. 7 பேர்ச் காணியில தனி வீடு கெடைச்சவங்களுக்கு அது தலைமொறையா கேட்டு வாங்கின உரிமை. ஆனா லயத்துல ஒரு கிழவி தனியா இருந்ததே இல்ல. தண்ணி பிடிக்கிற பீலியடியில பேச்சு, வாசல் இஸ்தோப்புல பேச்சு, பக்கத்து காம்பராவுல இருமினா இங்க கேக்கும். தனி வீட்டுக்கு போன பெறகு, மகன் கொழும்புல கடையில, மக வெளிநாட்டுல, பேரப்புள்ளைங்க ஸ்கூல்லயும் டியூசன்லயும், காலைல ஏழு மணியில இருந்து பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் அந்தம்மா வாயத் தொறக்க ஆளே இல்ல. வீடு நல்ல வீடுதான். வீட்ட கட்டும்போது பக்கத்துல ஒரு பொது எடம், நாலு பேர் ஒக்கார ஒரு கொட்டகைய யோசிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

மாசி மாசம் காமன் கூத்து நடக்கும்போது வித்தியாசத்த கண்ணால பாக்கலாம். எங்க டிவிசன்ல பாட்டு சொல்லிக்குடுக்கிற வாத்தியாருக்கு வயசு எழுபதுக்கு மேல, கொப்பி கெடையாது, ரதி மன்மதன் கதை முழுசும், எந்த எடத்துல தப்பு மேளத்தோட அடி மாறணும், யாரு எப்ப ஆட்டத்துக்குள்ள வரணும், விடிய விடிய அத்தனையும் மண்டையில. அவர் வீட்டு ஆளுங்க சொல்றத கேட்டா வருசத்துல மத்த மாசம் எல்லாம் மனுசன் கொஞ்சம் மந்தமாத்தான் இருப்பாராம், தை பொறந்து பொடியன்கள் பழக வர ஆரம்பிச்சா கொரலே மாறிருமாம். இது ஒரு ஆளோட கதை, ஆய்வு இல்ல, தெரியும். ஆனா அம்மாயியும் அந்த ராத்திரி குளுருல போர்வைய சுத்திக்கிட்டு ஒக்காந்து, ரதி பொலம்புற எடத்துல பொடியன் பாட்டுல ஒரு அடிய விட்டதும் வாத்தியாருக்கு முந்தி இவங்க எடுத்து குடுத்தத நான் பாத்தேன். அன்னைக்கு காலைல என்ன சாப்பிட்டோம்னு ரெண்டு தரம் கேட்டவங்க.

ஒரு எச்சரிக்கை, இத தவற விட்டா மத்ததெல்லாம் பேசி பிரயோசனம் இல்ல. நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஆளு இன்னைக்கு திடீர்னு தடுமாறினா, ராத்திரியில யாரோ வந்திருக்காங்கன்னு சொன்னா, அத மறதின்னு வீட்டுல வச்சிருக்காதீங்க, பேய் புடிச்சிருக்குன்னு கயிறு கட்டவும் ஓடாதீங்க. மூத்திரத்துல கிருமி, நியூமோனியா, ரத்தத்துல உப்பு கொறைஞ்சது, சீனி எறங்கினது, புது மருந்து, இப்படி ஏதாவது ஒண்ணா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். மெதுவா வர்ற மறதியிலயும் சிலது வைத்தியத்துக்கு திரும்பும்: பி12 கொறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்துக்கு குடிக்கிற மருந்து. அப்புறம் இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சவங்களுக்கும் இந்த நோய் வரும். வந்தவங்கள பாத்து "மூளைய பாவிக்கல, அதான்"னு யாரும் சொல்லிராதீங்க, அது பச்சை அநியாயம்.

எங்க வீட்டுல இப்ப பெருசா திட்டம் ஒண்ணும் இல்ல. காது சரியான பெறகு அம்மாவே ஒவ்வொண்ணா திருப்பி குடுத்தாங்க. மரக்கறி பாத்தி அம்மாயிக்கு, சனிக்கிழமை டவுன் பயணம் அம்மாயிக்கு, கூட யாராவது போகணும் அவ்வளவுதான், பேரம் பேசுறது அவங்க. சின்னவனோட தாயம் ஆடுவாங்க, கள்ள ஆட்டம்தான், அதுக்கும் மூளை வேணும். போன்ல வொய்ஸ் அனுப்ப படிக்க ஒன்றரை மாசம் போச்சு, துபாய்ல இருக்க சித்திக்கு அனுப்ப வேண்டியத குடும்ப குரூப்புல போட்டு மருமகள பத்தி சொன்னதெல்லாம் எல்லாரும் கேட்டு ஒரு கிழமை சண்டை. சீட்டு கணக்கும் திரும்ப அவங்க கையிலதான், 20 பேர், யாரு எந்த மாசம் எடுத்தது, யாரு பாக்கி, கொப்பி இல்லாம. போன மாசம் நான் கட்டிட்டேன்னு அடிச்சு சொன்னேன், இல்லைன்னாங்க. வயசான ஆளு, மறந்திருப்பாங்கன்னு பேங்க் ஆப்ப தொறந்து பாத்தேன். காசு போகல.